எரிகோவில் ஒரு விருந்தாளி

கப்பர்நகூம் சுங்கச்சாவடியை விட்டு லேவி எழுந்து போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் வீட்டு விருந்தில் எழுந்த முணுமுணுப்பு அங்கேயே அடங்கிவிடவில்லை. பாவிகளோடு கூடித் திரிகிறவர் என்ற ஏச்சு இயேசுவைத் தொடர்ந்து எரிகோவரை வந்தது.

எரிகோ, கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே கிடக்கும் செழிப்பான ஊர். பேரீச்சையும் பால்சம் என்ற விலையுயர்ந்த நறுமணப் பிசினும் விளைந்த பூமி. மார்க் ஆண்டனி இந்தத் தோப்புகளைக் கிளியோபாட்ராவுக்குக் கொடுக்க, பெரிய ஏரோது அவளிடமிருந்தே அவற்றைக் குத்தகைக்கு எடுத்தான் என்றால் அவற்றின் மதிப்பு புரியும். யோர்தானுக்கு அக்கரையிலிருந்து எருசலேமுக்குப் போகும் சரக்கும் இந்த வழியாகத்தான் வரும். இங்கே ஆயக்காரர்களின், அதாவது சுங்கம் வாங்குபவர்களின், தலைவராக இருந்தவர் சகேயு.

கி.பி. 6 முதல் யூதேயா ரோமின் நேரடி ஆட்சியில் இருந்தது. சுங்கம் வாங்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைத் தொகைக்கு மேல் வசூலானதெல்லாம் எடுத்தவருக்கு. மூட்டையை அவிழ்த்துச் சரக்குக்கு ஏற்றி மதிப்புப் போட்டால் லாபம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, கொலைகாரர், கொள்ளைக்காரர் வரிசையில் சுங்கம் வாங்குபவரையும் சேர்க்கிறது. அந்த வெறுப்பில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். பறிகொடுத்தவர்கள் ஏழைகள்.

அடுத்து நடந்ததை லூக்கா மட்டுமே எழுதியிருக்கிறார். குள்ளரான சகேயு, கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க வழியில்லாமல் முன்னால் ஓடிக் காட்டத்தி மரத்தில் ஏறுகிறார். தாழ்வாகக் கிளை விரிக்கும் மரம், ஏறுவது சுலபம். இயேசு அதனடியில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்கிறார். பார்த்த ஊரார் முணுமுணுக்கிறார்கள்.

அதுவரை சகேயு ஒரு காசைத் திருப்பித் தரவில்லை. தருவதாகச் சொல்லவும் இல்லை. மனந்திரும்பியவரைச் சேர்த்துக்கொள்ள யூத சமயத்தில் எப்போதும் இடமிருந்தது. யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர்கள் போனபோது யாரும் இப்படி முணுமுணுக்கவில்லை. திருந்துவதற்கு முன்பே அவன் வீட்டுக்குப் போவதா என்பதுதான் ஊரின் ஆத்திரம். எனக்கோ சுவிசேஷத்தின் உயிரே அந்த ‘முன்பே’யில்தான் இருக்கிறது.

பிறகுதான் சகேயு வாய் திறக்கிறார். சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கு. தானே ஒப்புக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தந்தால் போதும் என்பது மோசேயின் சட்டம். அதாவது, 100 தெனாரியு பறித்தவன் 120 கட்டினால் கணக்குத் தீர்ந்தது. சகேயு 400 தருகிறேன் என்கிறார்.

லேவி சாவடியை விட்டு வந்தார். சகேயுவைத் தொழிலை விடும்படி இயேசு சொன்னதாக லூக்கா எழுதவில்லை. இயேசு எருசலேமுக்குப் புறப்பட்டுப் போனார். கொடுத்த வாக்குக்குச் சகேயு பதில் சொல்ல வேண்டியது அதே எரிகோவில், தாம் ஏமாற்றிய அதே மனிதர்களுக்கு.

(தொடரும்)