முன்பக்கத்து மஞ்சளும் பின்பக்கத்துப் பட்டியலும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், கும்மிடிப்பூண்டியும் எளாவூரும் கடந்து தமிழ்நாட்டின் விளிம்பில் வருகிறது ஆரம்பாக்கம். அதற்கு அடுத்த ரயில் நிலையம் தடா, ஆந்திரம். கிழக்கே பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று. தெற்கே சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்கு ஆலைகள். ஏரியில் வலை வீசுபவரும், உலைக்குப் பக்கத்தில் நிற்பவரும், லாரியில் வந்து போகிறவரும் புழங்கும் வட்டாரம் இது. வெயில், உப்பு, இரும்புத்தூசி மூன்றையும் தாங்க வேண்டிய தோல் இந்த உழைப்பாளிகளுடையது. அந்தத் தோலில் என்ன பூசப்படுகிறது, அது என்னவென்று பூசுகிறவருக்குத் தெரிகிறதா என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு.

சோப்பு வீட்டுக்குள் வருவதற்கு முன், பொடி இருந்தது. தமிழ் வீடுகளில் குளியல் பொடி, நலங்கு மாவு; எல்லையோரத்துத் தெலுங்கு வீடுகளில் சுன்னிப்பிண்டி. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கார்போக அரிசி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் அரைத்து வைப்பார்கள். சென்னை பார்க் டவுனில் இராசப்ப செட்டித் தெருவின் நாட்டுமருந்துக் கடைகளில் இந்தச் சரக்குகள் இன்றும் தனித்தனியே கிடைக்கின்றன. வாங்குகிறவர் கையில் எடுத்து, முகர்ந்து, உடைத்துப் பார்க்கலாம். பச்சைப்பயறில் உள்ள சப்போனின் லேசாக நுரைத்து அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கும். சோப்பின் காரத்தன்மை பொதுவாக 9 முதல் 10 பி.எச். வரை இருக்கும்; தோலின் இயல்பு 5-ஐ ஒட்டிய மெல்லிய அமிலத்தன்மை. சோப்பு போட்டதும் முகம் இழுத்துப் பிடிப்பதற்கும், பொடி தேய்த்தால் அப்படி ஆகாததற்கும் இந்த வேறுபாடு ஒரு காரணம்.

ஆனால் கண்ணால் பார்த்து வாங்கியதாலேயே எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. உண்மையான கஸ்தூரி மஞ்சளின் கிழங்கு வெளிறிய நிறம் கொண்டது. அதன் பொடி பளிச்சென்ற மஞ்சளாக இருக்காது. கடைகளில் அந்தப் பெயரில் கிடைக்கும் அடர்மஞ்சள் பொடி பல நேரம் மஞ்சக்கூவை என்ற வேறொரு கிழங்கு. கலப்படம் தொழிற்சாலையோடு பிறந்த ஒன்றல்ல.

பொடியில் சேரும் சரக்குகளில் கார்போக அரிசியின் கதைதான் மிகவும் சுவையானது. அரிசி என்று பெயர் இருந்தாலும் இது ஒரு செடியின் கருத்த, சிறிய விதை. சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் தோல் நோய்களுக்கு, குறிப்பாக வெண்புள்ளிக்கு, நெடுங்காலமாகப் பயன்பட்டது. இதில் உள்ள சோராலென் தோலைச் சூரிய ஒளிக்குக் கூருணர்ச்சி உடையதாக்குகிறது. வெண்புள்ளி மருத்துவத்தில் அதுவே பலன்: மருந்து தடவி, அளவாக ஒளி காட்டினால் நிறம் திரும்பக்கூடும். அளவு தவறினால் தோல் வெந்து கொப்புளிக்கும். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் ஒருவருக்கு இது சிறிய செய்தி அல்ல.

அதே விதையிலிருந்து பாகுச்சியால் என்ற இன்னொரு பொருளை புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுக் தேவும் உடனிருந்தவர்களும் பிரித்தெடுத்து 1966-இல் அறிவித்தார்கள். அப்போது அழகுப்பொருள் உலகம் அதைக் கவனிக்கவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 44 பேரை 12 வாரம் கவனித்த ஓர் ஆய்வு பிரிட்டனின் தோல் மருத்துவ இதழில் வந்தது. முகச் சுருக்கத்தைக் குறைப்பதில், அதற்கென ஏற்கெனவே பயன்படும் ரெட்டினாலுக்கு இணையாக பாகுச்சியால் செயல்பட்டது, எரிச்சலும் தோல் உரிதலும் குறைவு என்றது அந்த ஆய்வு. இன்று உலகெங்கும் சீரம் புட்டிகளில் விற்கும் சரக்கு, நம் நலங்கு மாவில் கிடந்த விதையின் ஒரு கூறு. இதைப் பெருமையாகச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: புட்டியில் உள்ளது பிரித்தெடுத்த பாகுச்சியால், பொடியில் சோராலெனும் உடன் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

பொடியை ஓரங்கட்டிய சோப்பு, இங்கே அரசின் கையிலிருந்தும் வந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையை உருவாக்கிய சர் ஃப்ரெடரிக் நிக்கல்சன் மலபார்க் கரையில் மத்தி எண்ணெய்க்குப் புதிய பயன் தேடினார். அந்தத் தேடலின் தொடர்ச்சியாக மாகாண அரசு 1914-இல் தொடங்கிய சோப்புத் தொழில் கோழிக்கோட்டின் கேரளா சோப் நிறுவனமாக வளர்ந்தது. சில ஆண்டுகளிலேயே மைசூர் அரசு சந்தன எண்ணெயை நம்பிச் சோப்பில் இறங்கியது. சென்னையின் பங்கு 1969-இல். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் மருத்துவராக இருந்த வி.பி.சித்தன், தொழிலாளர்களின் தோல் தொல்லைகளைப் பார்த்துப் பார்த்து, குடும்பத்தில் வழங்கிவந்த மூலிகை முறையைத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பில் சேர்த்தார். அதுதான் மெடிமிக்ஸ். பதினெட்டு மூலிகை என்பதே அதன் விளம்பரமாயிற்று. பட்டறைத் தொழிலாளியின் தோலிலிருந்து பிறந்த பண்டம் என்ற வகையில் அதற்குத் தனி இடம் உண்டு.

சோப்பை ஒப்பிட விளம்பரத்தைவிட உறையில் சிறிய எழுத்தில் இருக்கும் டி.எஃப்.எம். உதவும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்புக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. ‘பேதிங் பார்’ என்று அச்சிட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். அது சோப்புத் தரத்துக்குள்ளேயே வராது.

கிரீமின் வரலாறு இன்னும் மூடுண்டது. 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. அதன் முக்கியப் பொருள் நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் துகள்கள் தோலின் மேல்செல்களுக்குப் போய்ச் சேருவதை அது ஓரளவு தடுக்கிறது. விளம்பரம் பேசியதோ திருமணத்தையும் வேலையையும். கறுத்த தோலைக் குறையென்று பெண்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த சந்தை அது. அந்தக் காயம் ஆறவில்லை. 2020-இல் பெயர் குளோ அண்ட் லவ்லி ஆனது. அதே காலத்தில் நியாசினமைடு தன் சொந்தப் பெயரிலேயே, பத்து சதவீதம், ஐந்து சதவீதம் என்ற கணக்கோடு சீரமாக விற்பனைக்கு வந்துவிட்டது. பெயர் வெளியே வந்ததும் ஒப்பிடவும் முடிந்தது.

பொருட்களின் பெயரை வெளியே சொல்ல வைத்தது சட்டம். ஒரே பொருளை எல்லா நிறுவனமும் ஒரே பெயரில் எழுதுவதற்கான அகராதி அமெரிக்காவில் 1973-இல் வெளிவந்தது. 1977-இல் அங்கே பட்டியல் கட்டாயமாயிற்று. இந்தியாவில் அழகுப்பொருட்கள் 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப்பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன; 2020 டிசம்பரில் அவற்றுக்கெனத் தனி விதிகள் வந்தன. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைந்ததும் எப்படி வேண்டுமானாலும் வரலாம். பட்டியலைப் படிக்க இந்த ஒரு விதி போதும். கெடாமல் வைக்கச் சேர்க்கும் ஃபீனாக்சிஎத்தனால் ஐரோப்பிய விதிப்படி ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பெயருக்கும் பின்னால் மஞ்சளோ குங்குமப்பூவோ வந்தால், முன்பக்கப் படத்தில் குவிந்து கிடக்கும் அந்தச் சரக்கு உள்ளே சிட்டிகை அளவுகூட இல்லாமல் இருக்கலாம்.

ஆனால் இந்தப் பட்டியல் எல்லோர் கைக்கும் போவதில்லை. 30 கிராமுக்குக் குறைந்த கிரீமுக்கும் 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் விதி விலக்கு தருகிறது. சின்ன பாக்கெட் தமிழ்நாடு நாட்டுக்குத் தந்த யோசனை: கடலூர் சின்னி கிருஷ்ணன் அதை முன்னெடுத்தார், அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பூவோடு கிராமம் வரை கொண்டுபோனார். கூலிக்காரர் வீட்டுக்கும் ஷாம்பூ போனது நல்ல மாற்றம்தான். ஆனால் சிறிது சிறிதாக வாங்குகிறவருக்கே, எதை வாங்குகிறோம் என்று அறியும் உரிமை குறைந்துபோனது.

அறியாமையின் விலை பெரியது. மெலனின் உருவாவதையே தடுக்கும் பாதரசம் முகத்தைச் சீக்கிரம் வெளுக்கவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் பரிசோதித்த 32 வெளுப்பு கிரீம்களில் 14-இல் பாதரசம் இருந்தது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, 15 பேருக்கு அரிதான ஒரு புரதக் குறி தென்பட்டது. அவர்களில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த அழகுப்பொருட்களில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. இத்தகைய கிரீமின் பட்டியலில் பாதரசம் என்று யாரும் எழுதமாட்டார்கள். ஆகவே கடைக்காரர் எடுத்துத் தரும் குழாயில் முதலில் பார்க்க வேண்டியவை உற்பத்தி உரிம எண்ணும் தயாரித்தவர் முகவரியும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண். அவை இல்லாத கிரீம் எவ்வளவு மலிவானாலும் முகத்துக்கு வேண்டாம்.

30 கிராம் விலக்குக்கு, அச்சிட இடமில்லை என்பதுதான் நியாயமாக இருந்திருக்க முடியும். டீக்கடைச் சுவரிலேயே க்யூஆர் குறியீடு ஒட்டியிருக்கும் காலத்தில் அந்த நியாயம் நிற்காது. சின்ன பாக்கெட்டுக்கும் பட்டியல் கட்டாயமாக வேண்டும். அதை முகக் கிரீம்களிலிருந்து தொடங்கலாம்.