இலங்கைப் பொதுத்தேர்தல், 1960 ஜூலை

ஸ்திரமான மந்திரிசபை அமையாத பாராளுமன்றத்தைக் கலைத்து மக்களிடம் மீண்டும் தீர்ப்புக் கேட்பது முட்டுக்கட்டையை நீக்குமா என்ற வினாவுக்கு, இலங்கையின் இவ்வனுபவம் கூர்ந்து கற்கத்தக்க விடை தருகிறது. 1960 மார்ச் 19-இல் நடந்த தேர்தலில், தெரிவுசெய்யப்பட வேண்டிய 151 ஸ்தானங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 50-உம் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 46-உம் பெற, டட்லி சேனாநாயக்கா அமைத்த சிறுபான்மை மந்திரிசபை, 15 ஸ்தானங்கள் கொண்ட தமிழரசுக் கட்சியின் கோரிக்கைகளுக்கு இணங்காமையால் அதன் ஆதரவைப் பெறாது, ஏப்ரல் 22-இல் சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் வீழ்ந்தது. ஜூலை 20-இல் நடந்த மறுதேர்தலில் சுதந்திரக் கட்சி 75 ஸ்தானங்களை வென்றது. மறுநாள் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவியேற்றார்.

ஆயினும் ஜனங்களின் மனம் மாறியதாலேயே முட்டுக்கட்டை நீங்கிற்று என்பது பொருந்தாது. ஏறத்தாழ 30 சதவீதமாயிருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் வாக்கு 37 சதவீதத்துக்கு மேல் உயர்ந்து, சுமார் 34 சதவீதமே பெற்ற வெற்றிக் கட்சியையும் விஞ்சியிருக்க, அதன் ஸ்தானங்களோ 30 ஆகக் குறைந்தன. இடதுசாரிகளுடன் சுதந்திரக் கட்சி செய்துகொண்ட போட்டித் தவிர்ப்பு உடன்படிக்கையே எதிர்வாக்குகள் சிதறாமற் காத்தது. சபையின் கணக்குத் தீர்ந்ததேயன்றி, தமிழரசுக் கட்சியின் கோரிக்கைகளுக்கு வேராயிருந்த, அதனினும் ஆழமான மொழிப் பிரச்சினை, வருந்தத்தக்க வகையில், தீராது நின்றது. அதன் பொருட்டு 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் (அரசாங்கச் செயலகத்தின்) வாயிலில் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் தொடங்கியது.