தி கோஸ்ட் பிரேக்கர்ஸ்

தி கோஸ்ட் பிரேக்கர்ஸ், 1940 ஜூன் மாதம் பாராமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட அமெரிக்கக் கறுப்பு வெள்ளைத் திரைப்படம். ஜார்ஜ் மார்ஷல் இயக்கத்தில் பாப் ஹோப்பும் பாலெட் கோடார்டும் நடித்தனர். கியூபாவை ஒட்டிய தீவொன்றில் இருக்கும் பேய்க்கோட்டைதான் கதைக்களம்.

நாடகமும் மௌனப் படங்களும்

பால் டிக்கி, சார்லஸ் டபிள்யூ. கோடார்ட் இருவரும் 1909-இல் எழுதிய நாடகமே படத்தின் மூலம். அதில் கோட்டை ஸ்பெயினில் இருந்தது; நாயகி ஓர் இளவரசி. செசில் பி. டிமில்லும் ஆஸ்கர் ஆப்ஃபெலும் 1914-இல் அதை மௌனப் படமாக்கினர். 1922-இல் வாலஸ் ரீட் நாயகனாக நடிக்க, ஆல்ஃபிரட் இ. கிரீன் மீண்டும் இயக்கினார். இவ்விரு படங்களின் பிரதிகளும் இன்று இல்லை.

பேசும் படம்

1939-இல் ஹோப்பும் பாலெட் கோடார்டும் சேர்ந்து நடித்த 'தி கேட் அண்ட் தி கேனரி' என்ற திகில் நகைச்சுவைப் படம் நன்றாக ஓடியது. அதே ஜோடிக்காக பாராமவுண்ட் பழைய நாடகத்தைத் தூசு தட்டி எடுத்தது. திரைக்கதை எழுதிய வால்டர் டிலியோன் கோட்டையை ஸ்பெயினிலிருந்து கரீபியக் கடலுக்கு மாற்றினார். 1932-இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' முதல் அக்கால ஹாலிவுட்டில் ஜாம்பி என்றால் பெரும்பாலும் கரீபியத் தீவுகள்தான் என்றிருந்தது. ஆகவே இடம் மாறியதும், கோட்டையின் ஆவிக்குத் துணையாக ஒரு ஜாம்பியும் கதைக்குள் எளிதாக நுழைந்தது.

கதை

நியூயார்க்கின் ரவுடிக் கும்பல்களின் குட்டை வானொலியில் உடைப்பவன் லாரி லாரன்ஸ் (ஹோப்). ஓட்டல் ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தானே ஒருவனைக் கொன்றுவிட்டதாக எண்ணி, மேரி கார்ட்டரின் (பாலெட் கோடார்ட்) பெரிய பயணப் பெட்டிக்குள் ஒளிகிறான். பெட்டியோடு அவனும் கியூபா கப்பலுக்குப் போய்ச் சேர்கிறான். மேரிக்குப் பரம்பரைச் சொத்தாக வந்தது அந்தக் கோட்டை. அதை அவளிடமிருந்து பறிக்கச் சிலர் துடிப்பதன் காரணம், அடியில் கிடக்கும் வெள்ளித் தாது.

படத்தின் தனித்தன்மை

சார்லஸ் லாங்கின் ஒளிப்பதிவில் கோட்டைக் காட்சிகள் நிஜத் திகில் படம்போலவே இருக்கும். நோபிள் ஜான்சன் வெறித்த கண்களோடு ஜாம்பியாக வரும் இடங்களில் கேலியே கிடையாது. சிரிப்பெல்லாம் நாயகனிடமிருந்து வருகிறது: தொடை நடுங்கும், ஆனால் வாய் ஓயாது. ஜாம்பி என்பது உயிரற்ற கண்களோடு, செய்வதறியாமல், ஏவியதைச் செய்து திரிவது என்று ஒருவர் விளக்கியதும், ஜனநாயகக் கட்சிக்காரர்களைப் போலவா என்று லாரி கேட்கிறான். அது அமெரிக்க அதிபர் தேர்தல் ஆண்டு. ஆட்சியில் இருந்தது அந்தக் கட்சிதான்.

லாரியின் பணியாள் அலெக்ஸாகக் கறுப்பின நடிகர் வில்லி பெஸ்ட் நடித்தார். சிரிக்க வைக்கும் நேரக் கணக்கில் ஹோப்புக்கு அவர் சளைத்தவரல்லர். ஆனால் அவருடைய பாத்திரத்தின் பேரில் எழுதப்பட்ட நிறவெறிக் கிண்டல்கள் பிற்காலத்தில் கண்டனத்துக்கு உள்ளாயின.

மறு ஆக்கம்

1953-இல் மார்ஷலே இக்கதையை 'ஸ்கேர்ட் ஸ்டிஃப்' என்ற பெயரில் மீண்டும் எடுத்தார். டீன் மார்ட்டின் காதல் நாயகனானார். பயந்து நடுங்கிச் சிரிக்க வைக்கும் வேலை நண்பனாக வந்த ஜெர்ரி லூயிஸிடம் போயிற்று. கார்மென் மிராண்டா நடித்த கடைசித் திரைப்படமும் அதுவே.