பஞ்சாமிர்தம்: ஐந்துக்குள் நுழைந்த வாழைப்பழம்

நறுக்கிய பழத்தில் தேனும் சர்க்கரையும் போட்டுப் பிசறி வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற பண்டத்தை இன்று ஃப்ரூட் சாலட் என்கிறோம். சமையல் நூல்கள் பழக்கலவை என்று எழுதும். அடுக்களையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இலங்கைத் தமிழர் சலாது என்பார்கள். போர்த்துக்கீசியரின் ‘சலாதா’ அங்கே தங்கிப்போன வடிவம் அது. இரண்டுக்கும் தாய், லத்தீனில் உப்பைக் குறிக்கும் ‘சால்’. உப்பிட்ட கீரைக்கு ஏற்பட்ட பெயர் நடந்து நடந்து, உப்பே படாத பழக்கிண்ணம் வரை வந்திருக்கிறது.

ஆனால் பிசைந்த பழத்துக்கு நம்மிடம் வேறொரு பெயர் உண்டு. கடல் கடந்து வராமல், கோயில் பிரசாதமாக வீட்டுக்குள் வந்த பெயர்: பஞ்சாமிர்தம்.

முதலில் அமிர்தம். வடமொழியில் ‘ம்ருத’ என்றால் இறந்தது. முன்னால் ஓர் ‘அ’ சேர்ந்தால் சாவற்றது. கிரேக்கத் தேவர்கள் உண்ட அம்புரோசியாவும் இதே வேரில் கிளைத்த சொல்தான். சங்கப் பாடல்களிலேயே அமிழ்தம் என்ற வடிவம் இருக்கிறது; அதற்குத் தமிழிலேயே வேர் காண்பவர்களும் உண்டு. வேர் எங்கே இருந்தாலும், தமிழ் அந்தச் சொல்லை வைத்து என்ன செய்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தேவருலகத்து உணவை இறக்கி அடுப்படியில் வைத்தது. அமுது என்றால் சோறு என்றே பொருளாயிற்று. நாயன்மார் கதைகளில் அடியார்கள் உண்பதில்லை, அமுது செய்கிறார்கள். வைணவ வீடுகளில் ரசம் சாற்றமுது, பொரியல் கறியமுது, பாயசம் திருக்கண்ணமுது. வள்ளுவரோ மழையை அமிழ்தம் என்றார்; தம் பிள்ளை சிறுகையால் அளாவிய கூழ் அந்த அமிழ்தத்தை விட இனிது என்றும் சொல்லிவிட்டார்.

இனி, ஐந்து. வடமொழி மரபில் பஞ்சாமிர்தம் என்பது பால், தயிர், நெய், தேன், சர்க்கரை. பஞ்சகவ்வியத்தில் உள்ள பாலையும் தயிரையும் நெய்யையும் வைத்துக்கொண்டு, கோமூத்திரமும் சாணமும் இருந்த இடத்தில் தேனையும் சர்க்கரையையும் வைத்தால் கிடைக்கும் பட்டியல் இது. ஆந்திரத்திலும் மராட்டியத்திலும் பூசைக்கு இன்றும் இந்த ஐந்தைத்தான் கலக்கிறார்கள். அபிஷேகம் ஆனபின் உள்ளங்கையில் ஓர் உத்தரணி ஊற்றுவார்கள். வெள்ளையாக, நீர்க்க இருக்கும். பழம் இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

தமிழ்நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னதும் நாக்கில் வருவது வாழைப்பழம். அதற்குக் காரணம் பழனி. அங்கே மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் ஆகியவை அடிப்படை. பேரீச்சம்பழமும் கற்கண்டும் மேலே சேரும். எண்ணிப் பார்த்தால் ஐந்தைத் தாண்டுகிறது. பாலும் தயிரும் காணோம். அவை ஏன் போயின என்பதற்கு என் ஊகம் எளியது. பாலும் தயிரும் சேர்ந்தது மறுநாளே புளித்துவிடும். காவடி எடுத்து நடந்து வந்தவர் ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பிரசாதம் கொண்டுபோக வேண்டும். நாள்பட நிற்பதுதான் அந்த வழிக்குத் தாங்கும். பழனிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் தேனும் பழத்தின் ஈரத்தைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்வதால், கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு நீர் கிடைப்பதில்லை.

அதற்கு ஏற்ற பழம் விருப்பாச்சி. நீர்ச்சத்துக் குறைந்த மலைவாழை. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து ஊரின் பெயரே பழத்துக்கும் ஆயிற்று. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த கோபால் நாயக்கரின் பாளையம் அதுதான். முடிக்கொத்து நோய் கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களை அழித்த காலத்தில் இந்தப் பழம் அறவே அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. மீட்டுப் பயிரிட்டார்கள். 2008-இல் விருப்பாச்சி வாழைக்கும், 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சர்க்கரைக்குப் பேர்போனது ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி. பழத்தையும் சர்க்கரையையும் இன்ன மண்ணிலிருந்து என்று பார்த்து வாங்கும் பண்டம் நம்மிடம் வேறு எத்தனை இருக்கிறது!

(பழனி என்ற பெயரையும் ‘பழம் நீ’ என்று பிரித்து ஞானப்பழக் கதையோடு சேர்ப்பது மக்கள் வழக்கு. சங்க இலக்கியத்தில் அந்த ஊர் பொதினி. ஆய்வாளர்கள் பொதினியிலிருந்தே பழனியை வருவிக்கிறார்கள். பழத்தோடு பிணைந்த ஊருக்குப் பழத்திலேயே பெயர்க்காரணம் தேடிய மக்கள் மனம் எனக்குப் பிடித்திருக்கிறது.)

தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து வரும் காவடிக் குழுவினர் மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். வாழைத்தார்கள் மூட்டை மூட்டையாக மேலே ஏறும். வரிசையாக உட்கார்ந்து தோலுரிப்பார்கள். பழம் மசிந்து சர்க்கரையோடு சேர்ந்ததும் நிறம் மாறி, செம்மண் சேறு போல இறுகும். அவ்வளவையும் பங்கிட்டுக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

எண்ணிக்கையில் பிறந்த பெயர் எண்ணிக்கையை விட்டுவிடுவது சொல் வரலாற்றில் அடிக்கடி நடப்பது. பஞ்சாயத்தில் ஐவர்தான் இருக்க வேண்டும் என்று இன்று யாரும் கேட்பதில்லை. எலுமிச்சை, சர்க்கரை, மசாலா, தண்ணீர், சாராயம் என ஐந்து சேர்ந்ததால்தான் ஆங்கிலேயரின் ‘பஞ்ச்’ பானத்துக்கு அந்தப் பெயர் என்று அகராதிகள் பலவும் சொல்கின்றன, ஐயப்படுவோரும் உண்டு. பேக்கரியில் விற்கும் ஃப்ரூட் பஞ்ச், அந்தக் கணக்கில் நம் பஞ்சாமிர்தத்துக்கு உறவு.

கன்னட நாட்டில் இதே பண்டத்துக்கு ரசாயன என்று பெயர். வாழைப்பழத்தை அரிந்து வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்ப்பார்கள், மாம்பழத்திலும் செய்வார்கள். தமிழில் ரசாயனம் என்றால் ஆய்வுக்கூடமும் உரமும் நினைவுக்கு வரும். ஆயுர்வேதத்தில் அந்தச் சொல் முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து முறையைக் குறித்தது. ஒரு மொழிக்காரர் சாவாமைக்குரிய பெயரை வைத்தார்கள், அடுத்த மொழிக்காரர் ஆயுள் வளர்ப்பதன் பெயரை வைத்தார்கள். இருவர் கையிலும் இருந்தது கனிந்த வாழைப்பழம்தான்.

வீட்டில் செய்ய மலைவாழை கிடைத்தால் உத்தமம்; இல்லையென்றால் கற்பூரவல்லி. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழமாக எடுங்கள். மிக்சியில் அரைத்தால் கூழாகிவிடும். கையால் பிசைந்தால்தான் அங்கங்கே துண்டு தட்டுப்படும். பிள்ளைகளைப் பிசையச் சொல்லலாம், வள்ளுவர் சான்று இருக்கிறது. நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், விதை நீக்கிய பேரீச்சை, இடித்த ஏலம். கால் மணி நேரம் மூடி வைத்தால் சர்க்கரை தானே இளகிச் சேர்ந்துகொள்ளும். வெயில் நாளில் இதையே இளக்கமாகச் செய்ய, ஆரஞ்சுச் சுளையும் மாதுளை முத்தும் மாம்பழத் துண்டும் சேர்த்து, வாழை கறுக்காமல் இருக்க எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அன்னாசி போட்டால் பால் வேண்டாம். அதன் நொதி பாலைக் கசக்க வைக்கும். பல் போன பாட்டியும் சாப்பிடலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் ஆகாது. அதற்கு மசித்த பழத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குத் தேன் ஊற்றுங்கள்.