ஏழரை மணிச் செய்தியும் எங்கட கழகமும்

சின்ன வயதில் எங்கள் வீட்டில் மாலை ஏழரை மணிக்கு யாரும் சத்தம் போடக்கூடாது. ரிவி 2இல் பிராந்தியச் செய்தி போகும் நேரம் அது. "ஏழரை தொடங்கிட்டுது" என்று அம்மா குசினிக்குள் இருந்து சொல்வார். (இதில் என்ன பகிடி என்று விளங்காதவர்கள் அம்மம்மாவிடம் சனி பகவானைப் பற்றிக் கேளுங்கள்.) அப்பா வேலையால் வந்து, குளித்து, தேத்தண்ணியோடு கதிரையில் இருப்பார். செய்தி பாதிதான் விளங்கும். விளையாட்டு வந்தால் முழுக்க விளங்கும், கோலுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லையே.

அந்த அரை மணி நேரச் செய்திக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. டென்மார்க்கில் நெடுங்காலம் டிஆர் மட்டுமே நாடு முழுவதற்கும் ஒளிபரப்பியது. எதை எடுத்தாலும் கொப்பன்ஹேகனில் இருந்து பார்த்த பார்வைதான். பிராந்தியத் தொலைக்காட்சி 1983இல் தென் யூட்லாந்தில் ஒரு பரிசோதனையாகத் தொடங்கியது. ரிவி சூட் என்ற நிலையம் பிறந்தது அப்படித்தான். (1983 என்றால் எங்கள் வீடுகளில் நினைவுக்கு வருவது வேறு.) 1988 அக்டோபர் 1இல் ரிவி 2 வந்து டிஆரின் தனியுரிமையை முடித்தது. அதன் தலைமையகத்தைக் கொப்பன்ஹேகனில் வைக்காமல் ஓடென்ஸவில் வைத்தார்கள். அதோடு சேர்த்து நாட்டை எட்டாகப் பிரித்து எட்டுப் பிராந்திய நிலையங்கள். எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது ரிவி மிட்வெஸ்ட், 1989இல், ஹொல்ஸ்டப்ரோவில்.

இதே ஆண்டுகளில்தான் எங்கள் அம்மா அப்பாமாரும் வந்து சேர்ந்தார்கள். ஹேர்னிங், இகாஸ்ட், பிரண்ட, ஸ்ட்ரூவர், ஹொல்ஸ்டப்ரோ என்று அரசாங்கம் அனுப்பிய சிறு ஊர்களில் குடியேறினார்கள். தேசியச் செய்தியில் "தமிழர்" என்ற சொல் அடிக்கடி வந்தது, ஆனால் அது ஒரு வழக்கின் பெயராக வந்தது. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்ஸன் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் வந்து சேர்வதைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தார். அதன் விசாரணை அறிக்கை வெளிவந்ததும், 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹன்ஸன் குற்றவாளி என்று தீர்ப்பானது. இதெல்லாம் எனக்குப் பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்தது. அப்பாவுக்கோ அது தினமும் தொலைக்காட்சியில் பார்த்த விசயம். தேசியச் செய்தியில் நாங்கள் ஒரு பிரச்சினை. ஏழரை மணிக்கு மட்டும் எங்களைப் பற்றி ஒரு கதையும் இல்லை. மற்றவர்களோடு சேர்ந்து நாங்களும் இகாஸ்ட் வென்றதா தோற்றதா என்று பார்த்தோம், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது ஓர் ஓய்வாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தின் பெரிய விளையாட்டு உதைபந்தாட்டம் அல்ல, பெண்களின் ஹண்ட்போல். டென்மார்க் பெண்கள் 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக் தங்கங்களைத் தொடர்ந்து வென்றார்கள். வீபோர்க் அணி பின்னர் 2006, 2009, 2010இல் ஐரோப்பிய சம்பியன் ஆனது. சேலை உடுத்த என் அம்மா கோல் காப்பாளரின் பெயரைச் சொல்லிக் கத்துவதை நான் கேட்டிருக்கிறேன்.

உதைபந்தாட்டத்தில் மாற்றம் 1999இல் வந்தது. இகாஸ்டுக்கும் ஹேர்னிங்குக்கும் இடையே பதின்மூன்று கிலோமீற்றர் இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் எப்படி இருக்கும் என்று யாழ்ப்பாணத்தார் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இகாஸ்ட் எஃப்எஸ், ஹேர்னிங் ஃப்ரெமாட் என்ற இரண்டு கழகங்களையும் ஒன்றாக்கி எஃப்சி மிட்யூலண்ட் உருவானது. ஜொனி ரூனே, ஸ்டீன் ஹெஸிங் என்ற இரண்டு தொழிலதிபர்கள் இதைச் செய்து முடித்தார்கள். இரண்டு பக்கத்திலும் கோபப்பட்டவர்கள் உண்டு. புதிய கழகத்துக்கு ஊரின் பெயர் இல்லை, ஒரு பிராந்தியத்தின் பெயர். அப்படி ஓர் "ஊர்" இருக்கிறது என்று மக்கள் நம்பியதில் அந்த ஏழரை மணிச் செய்திக்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து. பத்து வருடமாக லெம்விக்கையும் ஸ்கீவவையும் ஹேர்னிங்கையும் ஒரே திரையில் காட்டியது அதுதானே. 2007இல் மாவட்டங்களை ஒழித்து ஐந்து பெரிய பிராந்தியங்களை அமைத்தபோது ஓர்ஹூஸும் எங்களோடு ஒரே பிராந்தியத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் தொலைக்காட்சியில் ஓர்ஹூஸுக்கு வேறு நிலையம். "மிட்வெஸ்ட்" எந்த நிர்வாக வரைபடத்திலும் இல்லை. ஒளிபரப்பில்தான் இருக்கிறது!

2012இல் எட்டு நிலையங்களுக்கும் சொந்த அலைவரிசை கிடைத்தது. அதற்கு முன்பே பெரிய ஆட்டங்களின் நேரடி ஒளிபரப்பைக் கட்டண அலைவரிசைகள் வாங்கிவிட்டன. பிராந்திய நிலையத்துக்கு மிஞ்சியது பயிற்சி மைதானம், காயம் பட்ட முழங்கால், பனியில் வரிசையில் நிற்கும் ரசிகர்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். தொண்ணூறு நிமிடத்தை எவரும் விற்கலாம், மழையில் வலை கட்டும் மனிதரைக் காட்ட உள்ளூர்க் கமரா வேண்டும்.

2015இல் மிட்யூலண்ட் முதல் தடவையாக டெனிஷ் சம்பியன் ஆனது. 2016 பெப்ரவரி 18இல் மான்செஸ்டர் யுனைடெட் ஹேர்னிங்குக்கு வந்தது. பன்னிரண்டாயிரம் பேர்கூடக் கொள்ளாத அரங்கு. முதலில் யுனைடெட் அடித்தது. இடைவேளைக்குச் சற்று முன் பியோனே ஸிஸ்டோ சமன் செய்தார். பிறகு போல் ஒனுவாச்சு அடிக்க 2–1. ஒனுவாச்சு நைஜீரியர். ஸிஸ்டோவின் பெற்றோர் தென் சூடானியர். கம்பாலாவில் பிறந்து, கைக்குழந்தையாக டென்மார்க்குக்கு வந்து, ஸ்கீவவுக்குப் பக்கத்தில் ஹொய்ஸ்லெவில் வளர்ந்தவர். குடியுரிமை கிடைத்த பிறகு, 2015இல், டென்மார்க் தேசிய அணிக்கும் ஆடினார்.

அகதிப் பிள்ளை, எங்கள் பக்கத்துச் சிறு ஊர். அன்றிரவு அப்பா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "எங்கட பெடியன் அடிச்சிட்டான்" என்றார். அந்த "எங்கட" யாரைக் குறித்தது என்று நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஓல்ட் ட்ரஃபோர்டில் 5–1 என்று தோற்றோம். பதினெட்டு வயது ரஷ்ஃபோர்ட் என்ற புதுப் பையன் முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். அதைப் பற்றி அப்பா இன்றும் பேசுவதில்லை.

நான் இப்போது வேறு நகரத்தில் இருக்கிறேன். ஊருக்குப் போனால் ஏழரைக்கு அதே கதிரை. போன முறை விளையாட்டு முடிந்து வானிலை வந்தது. "நாளைக்கு எங்கட பக்கம் மழை" என்று சொல்லிவிட்டு அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார்.