சேலம், நாமக்கல் சமவெளியின் நிலத்தடி நீரும் புளூரைடு மின்முனையும்: ஒரு வரலாற்று நோக்கு

நீரில் கரைந்த புளூரைடு நிறமும் மணமும் அற்றது. ஆதலின் அதன் மிகுதியை மக்கள் தம் பற்களில் படிந்த பழுப்புக் கறையாலும் வளைந்த எலும்புகளாலுமே அறிய நேர்ந்தது. இந்தியாவில் இந்நோய் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் முதன்முதலாக மருத்துவ உலகின் பதிவைப் பெற்றது.

தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரியும் முன் இவை யாவும் ஒரே சேலம் மாவட்டமாக இருந்தன. இக்கடினப் பாறை நிலத்தின் அபடைட், பயோடைட் முதலிய கனிமங்களிலிருந்து புளூரைடு கிணற்று நீரில் கலக்கிறது.

முன்னர் சிர்க்கோனியம்-அலிசரின் சாயத்தின் நிறமாற்றம் கொண்டே இதனை அளந்தனர். சல்பேட், பாஸ்பேட் ஆகியவை அந்நிறத்தைத் திரித்தமையால் நீரைக் காய்ச்சி வடித்த பின்னரே சோதிக்க வேண்டியிருந்தது. 1966இல் அமெரிக்க வேதியியலர் பிராண்ட், ராஸ் இருவரும் லாந்தனம் புளூரைடுப் படிகத்தாலான மின்முனையை அறிவித்தனர். புளூரைடு அயனியின் செறிவு பத்து மடங்கு மாறும்போது, 25 பாகை செல்சியசில் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறுகிறது. காய்ச்சி வடிக்கும் உழைப்பு பெரும்பாலும் நீங்கியது.

இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்புடைய அளவாகவும், மாற்று நீர் இல்லாவிடத்து 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வகுக்கிறது. இவ்வரை மில்லிகிராம் வேறுபாட்டை நாக்கு உணராது, மின்முனை உணரும்.

2013இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதிக்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது. ஆற்று நீர் எட்டாத ஊர்களில், எக்கிணறு பருகத் தக்கது என்பதை அளவீடே தீர்மானிக்க வேண்டும். கறை தோன்றிய பின் அறிவது காலங்கடந்த அறிவாகும்.