நீலக்கரைச் சேலையை நெய்த கைகள்

தோல் தொழிலால் பேர்பெற்ற வேலூர்–ஆம்பூர்ச் சாலையில் குடியிருக்கும் நாம், ஜூபிலி மலரில் தறியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. அன்னை தெரேசாவின் நீலக்கரைச் சேலையை அறியாதவர் நம் பங்கில் இல்லை. அதை நெய்பவர் யாரென அறிந்தவரோ மிகச் சிலரே.

கல்கத்தாவுக்கு வடக்கே, சணல் ஆலைகள் நிறைந்த டிட்டாகரில், இரயில் பாதை ஓரமாக 1958இல் தொழுநோயாளருக்கென அன்னை ஓர் இல்லம் தொடங்கினார். காந்திஜி பிரேம் நிவாஸ் என்பது அதன் பெயர். சேவாகிராமத்தில் தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரிக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்தவரல்லவா காந்தியடிகள்! பெயர் பொருத்தமே. பின்னர் பிறர் அன்பின் பணியாளர் சபையின் சகோதரர்கள் பொறுப்பேற்றனர். அச்சபைச் சகோதரிகள் உடுத்தும் சேலைகள் இங்குள்ள தறிகளில்தான் நெய்யப்படுகின்றன.

விரல் மடங்கிய கை நெய்வது எப்படி? தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்றே நம் முன்னோர் நம்பினர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் கண்டது வேறு. நோய் நரம்பை மரக்கச் செய்கிறது. வலி தெரியாததால் சூடும் காயமும் பட்டுப் பட்டு விரல் தேய்கிறது. 1948 முதல் அவர் நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தினார். ஆனால் கை நிமிர்ந்த சிலர் அவரிடமே முறையிட்டனராம்: பிச்சை குறைந்துவிட்டது, வேலையோ யாரும் தருவதில்லை என்று! அதனால்தான் 1951இல் நவஜீவ நிலையம் எழுந்தது. அங்கே அவர்கள் தச்சு வேலை பழகினர். 1955இல் கரிகிரி மருத்துவமனையும் வந்தது.

தறி அத்தகைய கைக்கு ஏற்றதே. நெருப்பில்லை, கூர்மையில்லை. மிதிகட்டையில் கால் பாதி வேலை செய்கிறது. நாடாவை ஓட்டக் கயிற்றுப் பிடியை இழுத்தால் போதும். ஆயினும் மரத்த கைக்குப் பிடி உறுத்துவது தெரியாது. மாலையில் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் கொப்புளம் புண்ணாகிவிடும். 1980களில் பரவிய கூட்டுமருந்துச் சிகிச்சை நோயைத் தீர்க்கிறது. நெடுநாள் மரத்த நரம்பை அது மீட்பதில்லை.

நியாய வணிகம் என்று இன்று பேசுகிறார்கள். இரக்கத்துக்காக வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் துணியன்று இது. வேண்டியிருந்து நெய்வித்த உடை. கோயில் வாசலில் எட்டி நின்று தட்டில் காசு போட்டவர்கள்தாம் நாமும். அந்நோயாளர் தொட்ட துணியை அச்சகோதரிகள் அன்றாடம் உடுத்தினர்.

2016 செப்டம்பர் 4ஆம் நாள் உரோமையில் அன்னை புனிதராக உயர்த்தப்பட்டபோது, சதுக்கத்தில் கூடியிருந்த சகோதரிகள் உடுத்தியிருந்ததும் அந்த நீலக்கரைச் சேலையே.